மறையும் மையில் ஒரு புள்ளி

வெள்ளையில் ஒரு புள்ளி தெரிந்தால் போதும், தமிழ்மதியின் கை தானாக எழும்.

நான்கு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்ற கை அது. கடுகளவு எண்ணெய்க் கறையாக இருந்தாலும் கண் பிடித்துவிடும். கண் பிடித்ததை விரல் துடைத்துவிடும். மூளைக்குத் தகவல் அதற்குப் பிறகுதான் போய்ச் சேரும். இப்போது அவள் நல்லூரில் ஒரு துணிப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். உட்கார நாற்காலி உண்டு, போட்டுக்கொள்ள வெள்ளைக் கோட்டு உண்டு... கை மட்டும் அதே பழைய கை.

அந்தக் கைதான், ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பதினொன்றே காலுக்கு, யாருடையதோ ஒரு முட்டையைத் துடைத்துவிட்டது.

முட்டைக்காரனை அவள் பார்த்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. வாடிக்கையான ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து துணி சாம்பிள் கொண்டுவருகிறவர் வழக்கமாக ஒரு வயதான டிரைவர். அன்றைக்கு வந்தவன் புதியவன். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சாம்பிள் பை தோளில் தொங்க, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, பாத்திரம் நிறைய எண்ணெய் கொண்டுவருகிறவன் போல அடி மேல் அடி வைத்து வந்தான். ஹெல்மெட்டுக்குள் தெரிந்தது கண்கள் மட்டும். வெயிலில் சிவந்து, கொஞ்சம் பயந்து, ஏதோ கேட்க வந்து கேட்கத் தயங்குகிற கண்கள்...

பெயர் யுவன், ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் என்று சொல்லிக்கொண்டான். டப்பாவைக் கண்டிஷனிங் ரூமுக்குள் வைக்க வேண்டும் என்றான்.

எந்தத் துணியானாலும் சோதிப்பதற்கு முன் ஒரு நாள் அந்த அறையில் கிடக்க வேண்டும். வெயிலில் வந்ததும் மழையில் வந்ததும் அங்கே ஒரே நிலைக்கு வந்து சேரும். இரவும் பகலும் இருபத்தொரு டிகிரி. கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும். திருப்பூரே கொதித்துக்கொண்டிருக்கும் சித்திரையில் அந்த ஒரு அறை மட்டும் ஊட்டி.

"துணியத் தவிர வேற எதையும் உள்ள வெக்கக் கூடாதுங்க சார்," என்றாள் தமிழ்மதி.

"துணிக்கே இத்தன மரியாத குடுக்கறீங்க... ஒரு உசுருக்குக் கொஞ்சம் குடுக்கக் கூடாதுங்களா மேடம்?"

உயிரா என்று அவள் பின்வாங்க, முட்டை என்று அவன் சொல்ல, கோழி முட்டைக்கு ஏசி கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் சொல்ல, கோழி இல்லை பல்லி என்று அவன் திருத்த... குரல்கள் உயர்ந்தன. உள்ளேயிருந்து பொறுப்பாளர் சாரதாமணி எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். "வெச்சுக்க அம்மிணி, ஒரு டப்பாதான. ஆனா ஃபார்ம் எழுதாம உள்ள போகாது," என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

அவனும் சிரத்தையாக எழுதிக் கொடுத்தான். பொருள்: முட்டை, எண்ணிக்கை இரண்டு. தேவைப்படும் சோதனை: உயிரோடு இருந்தால் போதும்.

தமிழ்மதிக்குச் சிரிப்பு வந்தது. அவன் எதிரே சிரிக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கிக்கொண்டாள். அனுப்பர்பாளையத்தில் மீட்டிங் இருப்பதாகச் சொல்லி அவன் ஓடிய பிறகுதான் டப்பாவைத் திறந்தாள். ஈரமான பழுப்பு மணலைப் போன்ற ஏதோ ஒன்றில் இரண்டு வெள்ளை முட்டைகள், சுண்டுவிரல் நுனியளவு. ஒவ்வொன்றின் தலையிலும் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி.

கறை.

ஈரப் பஞ்சு. ஒரே இழுப்பு. போய்விட்டது. மறுபக்கமும் இருக்கிறதா என்று முட்டையை உருட்டி, சுற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீழே வைத்து, அடுத்ததை எடுக்கக் கை நீளும்போதுதான் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது.

'புள்ளி எப்போதும் மேலே இருக்க வேண்டும். தயவுசெய்து முட்டையைத் திருப்ப வேண்டாம். திருப்பினால் உள்ளே இருப்பது மூழ்கிவிடும்.'

இருபத்தொரு டிகிரியில் அவளுக்கு வியர்த்தது.

எது மேல்? எது கீழ்? இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை... கோட்டுப் பையில் ஒரு ஊதாப் பேனா இருந்தது. எடுத்தாள். தெய்வத்தை நினைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் தேர்ந்தாள். புள்ளி வைத்தாள்.

மாலை அவன் வந்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான். எங்கோ கடலுக்கு நடுவிலுள்ள ஒரு தீவின் இனமாம் அது, உரிமச் சீட்டோடு வாங்கி வளர்க்கிறானாம். கண்ணுக்கு மேல் இமை மயிர் போல முள் வரிசை இருக்குமாம், ஆனால் மூட இமையே கிடையாதாம். தூசு பட்டால் நாக்கை நீட்டிக் கண்ணைத் தானே நக்கிக்கொள்ளுமாம். பெண் பல்லியின் பெயர் செவலை. ஆண் தை மாதத்தில் செத்துப்போயிற்று. ஒரு தடவை இணைந்தாலே பல மாதம் முட்டையிடுமாம். அதற்குப் பிறகும் செவலை மூன்று முறை முட்டையிட்டது. முதல் ஜோடியில் பூசணம் பிடித்தது. அடுத்த ஜோடி அவன் வீட்டு மொட்டைமாடி அறையின் சூட்டில் வெந்துபோனது.

"இந்த ரெண்டுதானுங்க பாக்கி," என்றான். "கோழி முட்டைய அதுவே திருப்பித் திருப்பி வெக்கும். இது அப்புடி இல்லீங்க. குஞ்சு ஓட்டோட மேல்பக்கத்துல ஒட்டீட்டுத் தூங்கும். திருப்புனா அதோட தண்ணிலயே அது..."

ஹெல்மெட் இல்லாத முகத்தில் அந்தக் கண்கள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன.

தமிழ்மதி திறந்த வாயை மூடிக்கொண்டாள். செக்கிங்கில் நான்கு வருடம், இங்கே மூன்று வருடம். தமிழ்மதி தப்பு செய்துவிட்டாள் என்று யாரும் சொன்னதில்லை. அவள் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயருக்குள் அவள் ஒரு வீட்டைப் போலக் குடியிருந்தாள். இப்போது கூரையில் ஓர் ஓட்டை... அதை வெளியாளிடம் காட்ட மனம் வரவில்லை. திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை டப்பாவைத் திறந்தாள். ஒரு முட்டையில் புள்ளி இருந்தது. அவள் புள்ளி வைத்த முட்டையில் புள்ளி இல்லை.

கோட்டுப் பையைத் துழாவிப் பேனாவை எடுத்துப் பார்த்து, நெற்றியில் அடித்துக்கொண்டாள். தையல்காரர்கள் துணியில் குறி போடும் பேனா அது. காற்றுப் பட்டால் இரண்டு நாளில் மை தானே மறைந்துவிடும்.

முட்டையை அசைக்காமல் அதே இடத்தில் மறுபடி ஒரு புள்ளி வைத்தாள். புதன்கிழமை மறுபடி. வெள்ளிக்கிழமை மறுபடி. மேஜை மீதே அழியாத பேனா கிடந்தது. அதை எடுத்து ஒரு முறை வைத்தால் தீர்ந்தது. ஆனால் எடுக்கவில்லை. ஏன் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டபோது விநோதமான ஒரு பதில் வந்தது. அழியாத மையில் வைத்தால் அது பொய் ஆகிவிடும். மறைகிற மையில் இருக்கும்வரை அது... இன்னும் சொல்லப்படாத உண்மை, அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லிவிட்டால் போயிற்று.

நாளைகள் நிறைய வந்தன. ஒவ்வொன்றிலும் மாலை ஆறு மணிக்கு அவன் வந்தான்.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வருவான். அரை மணி நேரம் ஆகும். முதல் ஜோடிக்கு ஏன் பூசணம் பிடித்தது என்று அவள் விசாரணை நடத்தினாள். மணலின் ஈரத்தை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டதற்கு, கையால் பிசைந்து பார்ப்பேன் என்றான்.

"கையிலயா? அதான் ஒண்ணு ஊறிச் செத்திருக்கு, ஒண்ணு காஞ்சு செத்திருக்கு. நூல்ல ஈரம் எத்தனன்னு எட போட்டுத்தான சொல்றோம்... இதையும் அப்புடித்தான் பாக்கோணும்."

அன்றிலிருந்து டப்பா தினமும் தராசில் ஏறியது. குறைந்த கிராமுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், ஓரமாக, முட்டை மேல் படாமல். ஒரு முட்டையில் வெண்பூசணம் லேசாகத் தலைகாட்டியபோது உலர்ந்த பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டாள். அவன் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இத்தன நாளா நானு பல்லி வளத்தனா, பாவம் வளத்தனானு தெரியலீங்க," என்றான். அவள் சிரித்தே விட்டாள். சிரித்த கையோடு நெஞ்சுக்குள் ஏதோ குத்தியது. இவன் பாராட்டுகிறது எந்தத் தமிழ்மதியை?

அவிநாசித் தேருக்கு அவள் மூன்று நாள் லீவு போட்டாள். புள்ளியைப் பற்றிய நினைப்பு வந்தபோது தேர் நகர ஆரம்பித்திருந்தது. போன் அடித்தது. அவன்தான்.

"மேடம்... ஒரு முட்டைல புள்ளியக் காணமுங்க."

மேளம் காதைப் பிளந்தது. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு உண்மையைச் சொன்னாள். கேட்கவில்லை என்றான். மறுபடி சொன்னாள். என்னங்க என்றான். கோயிலுக்கு எதிரே நின்றுகொண்டு இனிமேலும் ஒளிக்க முடியாது என்று தோன்றியதோ என்னவோ, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "நாந்தானுங்க அழிச்சேன்! மொத நாளே அழிச்சுட்டேன்! முட்டையத் திருப்பீட்டேன்! அப்பறம் நானே ஒரு புள்ளி வெச்சேன்!"

சரியாக அந்த நொடியில் மேளம் நின்றது. தேர்வடம் பிடித்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுமுனையில் அவன் போனை வைத்துவிட்டான்.

லீவு முடிந்து வந்தபோது டப்பா இல்லை. கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் மாரக்காள்தான் சொன்னாள். "அந்தத் தம்பி நேத்தே எடுத்துட்டுப் போயிருச்சு கண்ணு. ஒரு வார்த்த பேசுல. மூஞ்சியப் பாக்க முடியல."

பதினோரு நாட்கள்.

வெயில் முப்பத்தொன்பதைத் தொட்டது. தமிழ்மதி துணி சோதித்தாள், ரிப்போர்ட் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். நடுநடுவே போனை எடுத்து இன்றைய வெப்பநிலை என்ன என்று பார்த்தாள். அந்த மொட்டைமாடி அறை இப்போது எத்தனை டிகிரி இருக்கும்? ஈரத் துணி கட்டியிருப்பானா? பானைக்குள் வைத்திருப்பானா? கையால் பிசைந்து பார்க்கிறானா? ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். செய்யவில்லை. ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தியாயிற்று, இதற்கு மேல் என்ன என்று வீம்பு சொன்னது. வீம்புக்கு அடியில் வேறொன்று இருந்தது. ஆறு மணி ஆனால் வாசல் பக்கம் போகிற கண்... அது முட்டைக்காகப் போகவில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் கோடை மழை கொட்டியது. நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. தகரக் கூரையில் மழை தறி ஓட்ட, வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. மழைக்கோட்டு டப்பாவுக்குப் போர்த்தியிருந்தது. ஆள் முழுக்க நனைந்திருந்தான். இமைகளில் தொங்கிய துளிகளைத் துடைக்கக் கை இல்லாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றான்.

"ஒண்ணு அமுங்கிப்போச்சுங்க," என்றான்.

அவள் டப்பாவை வாங்கித் தராசில் வைத்தாள். பாதி ஈரம் போயிருந்தது. முட்டை குழிந்தால் சாவு என்று அர்த்தமில்லை, தாகம் என்றும் அர்த்தம் உண்டு. "உள்ள பாத்தரலாமுங்களா?" என்றாள்.

துணியில் ஓட்டை பார்க்கக் கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேஜை ஒன்று உண்டு. அறை விளக்கை அணைத்தாள். மேஜையைக் கறுப்புத் துணியால் மூடி, நடுவில் ஒரு சின்ன வட்டத்தில் மட்டும் வெளிச்சம் விட்டாள். முதல் முட்டையை, புள்ளி மேலே இருக்க, அசையாமல் ஏந்தி வைத்தாள். அவன் வைத்த பழைய புள்ளி உள்ள முட்டை அது. விரல் படாமல், திரும்பாமல், பத்திரமாக இருந்த முட்டை.

மஞ்சள். வெறும் மஞ்சள். நரம்பில்லை, நிழலில்லை. எலுமிச்சம்பழச் சாறு ஊற்றிய கிண்ணம் போல வெறுமை.

"இதுல மொதல்லயிருந்தே ஒண்ணுமில்ல போலிருக்குங்க," என்று மெதுவாகச் சொன்னாள்.

அடுத்தது குழிந்தது. அவள் துடைத்தது. அவள் திருப்பியது. அதை இரண்டு விரலால் எடுத்தாள். அவன் தன் கையை அவள் கைக்குக் கீழே கொடுத்தான், தொட்டும் தொடாமலும். இரண்டு கையுமாக முட்டையை வெளிச்சத்தில் இறக்கின.

சிவப்பு... மெல்லிய, கிளைவிட்ட, மயிரிழைச் சிவப்பு. ஓட்டின் உட்புறம் முழுக்க யாரோ நூல் கோத்து வைத்தது போல. நடுவில் ஒரு கறுத்த நிழல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிழல் ஒரு தடவை புரண்டது.

தமிழ்மதிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டாள்.

"மேடம்," என்றான் இருட்டில். "நானு ஒண்ணு சொல்லோணுங்க. சொல்லாம பதினோரு நாளாத் தூக்கமில்ல."

"சொல்லுங்க."

"மொத நாள் வண்டில வர்றப்ப நல்லூர் வேகத்தடைல ஒரு குலுக்கு. தொறந்து பாத்தா ரெண்டும் உருண்டு கெடக்குது. புள்ளியும் மணலுல தேஞ்சு போச்சு. உங்க வாசல்ல நின்னு, எது மேல எது கீழனு தெரியாம... புதுசா வெச்சது நானுதானுங்க. அந்தப் புள்ளியும் குத்துமதிப்புத்தான்."

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள்.

அப்படியென்றால் அவள் அழித்தது ஒரு பொய்ப் புள்ளியை. அதற்காக அவள் மறைகிற மையோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினாள். தேர்க்கூட்டத்தில் கத்தினாள். பதினோரு நாள் வெந்தாள்.

"அப்பறம் எதுக்குங்க கோவிச்சுட்டுப் போனீங்க?"

"உங்க மேல கோவமில்லீங்க. நீங்க அத்தன பேருக்கு முன்னால ஒத்துக்கிட்டீங்க... எனக்கு அது வாயில வரல. அந்த மூஞ்சிய எடுத்துட்டு உங்க முன்னால வந்து நிக்கக் கூச்சமா இருந்துச்சு."

நியாயமான பதில்தான். ஆனாலும் பதினோரு நாள் பதினோரு நாள்தான். "டப்பா இங்கயே இருக்கட்டும். நீங்க கெளம்புங்க," என்றாள்.

அதற்குப் பிறகும் அவன் ஆறு மணிக்கு வந்தான். அவள் எடை சொன்னாள், டிகிரி சொன்னாள், மூன்றே நாளில் குழி நிரம்பி முட்டை மறுபடி உருண்டையாகிவிட்டதைச் சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்டுக்கொண்டு, வாசல் பெஞ்சில் மாரக்காளோடு உட்கார்ந்துவிட்டுப் போனான். இரண்டு வாரம் கழித்து மாரக்காளே பொறுக்க முடியாமல் உள்ளே வந்தாள். "ஏங் கண்ணு... துணியக் கூட ஒரு நாளுக்கு மேல காயப் போட மாட்ட. அந்தத் தம்பிய எத்தன நாளைக்குப் போடுவ?"

அன்று இரண்டு டீ வாங்கி வரச் சொன்னாள் தமிழ்மதி.

ஜூன் போய் ஜூலை வந்தது. ஒரு நாள் அவன் போகிற போக்கில் சொன்னான், குளிர் கூடினால் நாள் கூடுமாம். இருபத்தைந்தில் வைத்தால் இரண்டரை மாதத்தில் பொரிக்கும், இருபத்தொன்றில் இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். வெளியே இப்போது ஆடிக் காற்று. பக்கத்து அறை சரியாக இருபத்தைந்தில் இருந்தது. டப்பாவை அங்கே மாற்றலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. வெப்பமானியின் எதிரே நின்றுகொண்டு, ஏன் சொல்லவில்லை என்று தன்னைத்தானே கேட்டாள். கன்னம் சூடானது. இருபத்தொரு டிகிரியில்தான்.

ஆடி பிறந்த இரண்டாவது வாரம், ஒரு மதியம், முட்டை வியர்த்தது. ஓட்டின் மேல் பொடிப்பொடியாகத் துளிகள். அவள் போன் செய்த இருபதாவது நிமிடம் அவன் வந்து நின்றான். காற்றில் தலைமயிர் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாரல் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

ஓட்டில் ஒரு கீறல். கீறலில் ஒரு மூக்கு. அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. உதவி செய்யட்டுமா என்று அவள் கண்ணால் கேட்க, வேண்டாம் என்று அவன் தலையசைத்தான். பிறகு ஒரே உந்தலில் தலை வந்தது, தோள் வந்தது, ஈரமான செம்பழுப்பு உடம்பு முழுக்க வந்தது. உலகத்தை ஒரு முறை பார்த்தது. நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தது.

இருவரும் தலை முட்டிக்கொள்ளும் அளவுக்குக் குனிந்திருந்தார்கள். யாரும் நிமிரவில்லை.

"பொரிஞ்சிருச்சு," என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். குரல் ஏன் இறங்கியது என்று அவளுக்குப் புரிந்தது. "இனி நானு ஆறு மணிக்கு இங்க வர்றதுக்குக் காரணமே இல்லீங்களே."

நாளைக்குச் சொல்லலாம் என்று பழக்கப்பட்ட ஒரு குரல் அவளுக்குள் எழுந்தது. இந்தத் தடவை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"காரணம் இல்லாம வாங்க."

"சாரதாமணி மேடம் கேட்டா?"

"என்னப் பாக்க வர்றீங்கன்னு நானே சொல்லிக்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க. இந்த முட்டைக்காக இல்ல. முட்ட பொரியாமப் போயிருந்தாலும் சொல்லியிருப்பேன்... கொஞ்சம் அழுதுட்டுச் சொல்லியிருப்பேன்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பார்த்த அதே கண்கள், இப்போது பயமில்லாமல். நடந்து கதவுவரை போய், திரும்பினான்.

"எனக்கும்தான். மொத நாளு அந்த ஃபார்ம எழுதறப்பவே... நீ சிரிப்ப அடக்கினதப் பாத்தேன். நாளைக்கு வர்றேன், மதி."

'வர்றனுங்க' இல்லை, 'வர்றேன்.' 'மேடம்' இல்லை, 'மதி'. இத்தனை மாதமும் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் தொங்கிக்கொண்டிருந்த அந்த 'ங்க'வைக் காணவில்லை. அது விட்டுப்போன இடத்தில் அவளுக்கு என்னவோ செய்தது.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. சாரலுக்குள் அது தூரமாகிக்கொண்டே போனது. தமிழ்மதி திரும்பிப் பார்த்தாள். மேஜை மேல், மூடி திறந்த டப்பாவுக்குள், பிறந்து கால் மணி நேரமே ஆன அந்தக் குட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றரை மாதம் அதற்காகவே நடந்தவன், அதைச் சுத்தமாக மறந்துவிட்டுப் போயிருந்தான்.

போனைக் கையில் எடுத்தாள். கூப்பிடாமலே மறுபடி கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.